தோட்டத்துத் தமிழர் சொத்தும் ஏட்டுப் பெயரும்

சொத்து என்னும் சொல்லைத் தோட்டத்துத் தமிழர் நடுவே எடுத்தால் முதலில் எழுவது சிரிப்பு. “எங்களுக்கு ஏதுங்க ஐயா சொத்து?” என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவர். உயில், வாரிசு, பாகம் முதலிய சொற்களெல்லாம் ஜமீன்தார்களுக்கும், வட்டிக்கடைச் செட்டிமார்களுக்கும், பட்டணத்து வக்கீல்களுக்கும் உரியவை என்பது அவர்கள் எண்ணம். லோபாக்கிலும் அதைச் சூழ்ந்த சிரம்பான் வட்டாரத் தோட்டங்களிலும் இச்சிரிப்பை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இஃது அறியாமையால் மட்டும் வந்த சிரிப்பன்று. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பதும், அச்சிரிப்பினால் நம் விதவைகளும் பிள்ளைகளும் இழந்து வருவது யாது என்று கணக்கிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நெகிரி செம்பிலானில் முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிரான காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1907இல், முதலாளிகள் செலுத்தும் வரியைக் கொண்டு குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டுக் கங்காணிகள் வழியே ஆள்சேர்ப்பு பெருகியது. இந்திய சர்க்கார் 1938இல் தடுக்கும் வரையில், இடையிடையே நின்றும் தொடர்ந்தும், நிதியுதவி பெற்ற பயணம் நடந்துகொண்டிருந்தது. இவ்வாறு வந்த ஒருவர் இருபது முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிவிட்டு இறந்துபோனால் அவர் விட்டுச் சென்றது என்ன? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுக்குப் பின்னால் அவர் போட்ட கீரைப்பாத்தியும் வாழையும் நின்ற மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். அவருடையவை என்று சொல்லத்தக்கவை ஒரு தகரப் பெட்டி, சில பித்தளைப் பாத்திரங்கள், மனைவியின் காதிலும் மூக்கிலும் கிடந்த பொன், கையிருப்பு இருந்தால் ஒரு பசுவோ இரண்டு ஆடோ, கூட்டில் கட்டிய பணம், அம்மாதம் பெறவேண்டிய சம்பளம். இவற்றைப் பங்கிட எந்த நீதிமன்றமும் வேண்டுவதில்லை. துக்கம் முடிந்த மூன்றாம் நாளே லயத்துப் பெரியவர்களும் தண்டலும் கூடிப் பேசி முடித்துவிடுவர். அந்தப் பேச்சில் கைம்பெண்ணுக்கு இடமில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உண்மையான பரம்பரைச் சொத்து ஒன்று இருந்தது, அது வேலை. தகப்பன் இறந்தால், லயத்து வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், அவ்வீட்டிலிருந்து யாரேனும் பெரட்டுக்களத்தில் நின்று செக்ரோலில் பெயர் கொடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிப் பலகையைக் கீழே வைத்துவிட்டு வாளியைத் தூக்கியது இப்படித்தான். நாட்டுக்கோட்டையார் மகனுக்குப் பெட்டியடி. பண்ணையார் மகனுக்கு நன்செய். நம் பிள்ளைக்குத் தகப்பனுடைய நிரை. வீட்டைக் காப்பாற்றப் பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுத்த இந்த ஏற்பாட்டை எந்தச் சட்டமும் எழுதவில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவுமில்லை.

அக்காலத்தில் நம்மைச் சூழ்ந்திருந்தவர் நிலை வேறாக இருந்தது என்பதையும் நோக்க வேண்டும். நாம் வாழும் இந்த மாநிலமே சொத்துரிமையில் உலகம் வியக்கும் மாநிலம். மினாங்கபாவ் மரபினரான இந்நாட்டு மலாய்க்காரர் பின்பற்றும் ‘அடாட் பெர்ப்பாத்தே’ என்னும் வழமைப்படி, குலத்தின் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். கணவன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வான். மனைவி இறந்தாலும் நிலம் அவனுடையதாகாது. அவள் பெண்மக்களுக்கே போகும். இருவரும் சேர்ந்து தேடிய பொருள் வேறு. அதில் இருவருக்கும் பாத்தியதை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியார் இவ்வழமையை அழிக்காமல் 1909ஆம் ஆண்டில் ஒரு சட்டமாகவே இயற்றி, ரெம்பாவ், கோலப்பிலா, ஜெலுபு முதலிய இடங்களின் நிலப் பதிவேடுகளில் இன்ன நிலம் வழமை நிலம் என்று குறித்து வைத்தனர். ஏட்டில் எழுதப்பட்டதனால் அந்நிலங்கள் பிறர் கைக்குப் போகாமல் நின்றன. அந்தக் கம்பங்களின் வேலிக்கு அப்பால் தோட்டத்தில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணோ, தன் கழுத்துத் தாலிப்பொன்னைத் தவிர வேறொன்றுக்கும் உரிமை கோர முடியாதவளாக இருந்தாள். அந்தப் பொன்னும் பெரும்பாலும் மளிகைக் கடையில் அடகு!

தோட்ட ஆபீசிலும் ரயில்வேயிலும் பணிபுரிய வந்த யாழ்ப்பாணத்துச் சகோதரர்களிடமும் இதுபோன்ற ஓர் ஏடு இருந்தது. தேசவழமை என்று அதற்குப் பெயர். டச்சுக்காரர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707இல் அதைத் தொகுத்தார். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பொருளை மூவகையாக்கி, எது யாருக்கு என்று அது சொல்கிறது. சீதனத்தின் தீமையை நாம் ஆதரிப்பவரல்லோம். ஆயினும் பெண்ணுக்கென்று பத்திரத்தில் எழுதி வைப்பது அச்சமூகத்தில் பழக்கமாக இருந்தது என்பது உண்மை. செட்டிநாட்டாரோ தம் ஏஜெண்டுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தே கப்பலேற்றினர். எழுத்தை நம்பிய சமூகங்கள் இவை. நம் தொழிலாளர் வாய்ச்சொல்லையும் கங்காணியின் ஞாபகத்தையும் நம்பினர். எழுத்து அவர்களிடத்தில் இல்லை, ஆபீசில் இருந்தது.

ஆபீசில் இருந்த அந்த எழுத்தைப் பற்றி, அந்தத் தொழிலையே செய்பவர் என்ற முறையில், நாம் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. தொழிலாளியின் பெயரை முதன்முதல் ஏட்டில் ஏற்றுபவர் கிராணியார். ஏடு ஆங்கிலத்தில், பெயர் தமிழில், சொல்பவர் கங்காணி, கேட்பவர் மலையாளியோ யாழ்ப்பாணத்தாரோ ஆங்கிலம் கற்ற தமிழரோ. காதில் விழுந்ததைக் கை எழுதியது. முனியம்மா ஓர் ஏட்டில் மூனியாமா, மற்றோர் ஏட்டில் மினியம்மா. தகப்பன் பெயர் கேட்டபோது கணவன் பெயரைச் சொன்னவர் உண்டு. கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற மூடப்பழக்கத்தால் மூத்த பிள்ளையின் பெயரைச் சொன்னவரும் உண்டு. ஒரே லயத்தில் மூன்று ராமசாமிகள் இருந்தால் நெட்டை ராமசாமி, கட்டை ராமசாமி என்று எழுதி வைப்பர். அந்தப் பட்டப்பெயரே பிற்பாடு பிறப்புச் சூராட்டில் தகப்பன் பெயராக ஏறிவிடும். 1948இல் அவசரகாலத்தின்போது அடையாளக் கார்டு வழங்கப்பட்ட சமயம் மறுபடியும் ஒரு பதிவு நடந்தது. அங்கே வேறோர் அதிகாரி, வேறோர் காது. இவ்வாறாக ஒரு மனிதருக்குச் செக்ரோலில் ஒரு பெயரும், கார்டில் ஒரு பெயரும், பிள்ளையின் சூராட்டில் ஒரு பெயருமாக மூன்று பெயர்கள் ஏற்பட்டன. உயிரோடு இருக்கும்வரை இதனால் கேடொன்றுமில்லை. அழைத்தால் அவர் வருவார். இறந்த பிறகே மூன்று பெயரும் ஒருவரே என்று ருசுப்படுத்த வேண்டிய பாரம் அவர் மனைவி தலையில் விழுந்தது.

ஏடே இல்லாமல் இறந்தவர் கதை இன்னும் கொடியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டனர். நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை லாரியிலும் ரயில் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போயினர். சிலர் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போயினர். பலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் இறந்த இடம், நாள், பெயர் ஆகியவை பெரும்பாலும் குறிக்கப்பட்டு, பிற்பாடு அவர்களுக்குக் கல்லறைகளும் எழுந்தன. நம்மவர்க்கோ காட்டில் குழி. பெயர் எழுதுவார் இல்லை. இங்கே காத்திருந்த மனைவி, தான் கைம்பெண்ணா சுமங்கலியா என்று அறியாமல் ஆண்டுகளைக் கழித்தாள். ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிச் செய்தி இல்லையேல் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்தச் சட்டம் லயத்துக்கு வந்து சேரவில்லை. சில பெண்கள் மறுமணம் செய்துகொண்டனர். அதை நாம் வரவேற்கிறோம். அவர்களுடைய முதற் கணவரின் பிள்ளைகள் யார் பெயரில் வளர்ந்தனர், பிற்காலத்தில் யாருக்கு வாரிசாயினர் என்ற கேள்வி மட்டும் பதிலின்றி நின்றது.

திருமணத்தை எழுதி வைக்காததால் வந்த கேட்டைத் தமிழர் முதன்முதல் உணர்ந்தது மலாயாவில் அன்று, தென்னாப்பிரிக்காவில். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சியர்ல், அந்நாட்டுச் சட்டத்தின்படி பதிவாகாத, பலதார மணத்துக்கு இடந்தரும் மதமுறைத் திருமணங்கள் சட்டத்தில் செல்லா என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர்; அவர்கள் பிள்ளைகள் வாரிசுகள் அல்லாதவர் ஆயினர். தமிழ்ப் பெண்கள் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் கண்ட நோயினால் 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வாண்டே நிறைவேறிய நிவாரணச் சட்டம் அத்திருமணங்களை அங்கீகரித்தது. வள்ளியம்மையின் பெயரை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அப்பெண் எதற்காகச் சிறை சென்றாளோ அந்தத் திருமண அத்தாட்சியை, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் பெட்டியில் வைத்திருக்கின்றனர்?

தாய்நாட்டில் சீர்திருத்த இயக்கத்தார் இவ்விஷயத்தை விடவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அந்தக் காற்று இந்நாட்டிலும் வீசியது. புரோகிதரில்லாத திருமணங்கள் இங்கும் நடந்தன. ஆனால் மாலை மாற்றிக்கொண்டால் போதுமா? சட்டம் ஒப்ப வேண்டாமா? ஒரு குடும்பச் சொத்து வழக்கில், 1950களின் தொடக்கத்தில், சென்னை உயர்நீதிமன்றம் சடங்கற்ற அத்தகைய திருமணம் செல்லாது என்று கூறிவிட்டது. அண்ணா முதலமைச்சரானபின் 1967இல் இயற்றிய சட்டமே சுயமரியாதைத் திருமணங்களுக்கு, முன் நடந்தவற்றுக்கும் சேர்த்து, உயிர் கொடுத்தது. செங்கற்பட்டில் கேட்ட சொத்துரிமையோ இன்னும் மெதுவாக நடந்து வந்தது. 1937இல் விதவைக்கு அவள் ஆயுள்வரை மட்டும் ஓர் உரிமை. 1956இல் இந்து வாரிசுச் சட்டம். பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இல், இந்தியா முழுவதற்கும் 2005இல்.

வாசகர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே கூற வேண்டும். அங்கே அறுபதாண்டுகள் போராடிப் பெற்றதை, இந்நாட்டுச் சட்டம் 1958ஆம் ஆண்டிலேயே சத்தமின்றிக் கொடுத்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்தவர் சொத்தைப் பங்கிட அவ்வாண்டில் ஏற்பட்ட பகிர்வுச் சட்டம், பிள்ளைகளுக்குள் ஆண் பெண் என்ற பேதமே பாராட்டவில்லை. கணவன் இறந்து மனைவியும் மக்களும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி மக்களுக்குச் சமமாக. ஒரு குறை மட்டும் இருந்தது: மனைவி இறந்தால் அவள் பொருள் முழுவதும் கணவனுக்கே என்று அது சொல்லிற்று. ஆணுக்குச் சமமாக மரம் சீவி, தன் பெயரில் பணம் சேர்த்த தமிழ்ப் பெண்ணின் உழைப்புக்கு இஃது எவ்வளவு பெரிய அநீதி! 1997இல் நடந்த திருத்தம் அதைப் போக்கியது. இப்போது கணவனாயினும் மனைவியாயினும் ஒரே அளவு: பெற்றோரும் உயிருடன் இருந்தால் துணைவருக்கு நான்கில் ஒன்று, மக்களுக்குப் பாதி, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பெற்றோர் இல்லையேல் பழைய மூன்றில் ஒன்றும் மூன்றில் இரண்டும். இஸ்லாமியத் தமிழருக்கு அவர்கள் மார்க்கச் சட்டம் வேறு பாகம் வகுக்கிறது. நாம் இங்குக் கூறுவன அவர்களுக்குப் பொருந்தா.

சட்டம் நன்று. ஆனால் அந்தச் சட்டத்தில் மனைவி என்பவள் யார், பிள்ளை என்பவர் யார்? இங்கேதான் நம் மக்கள் இடறி விழுகின்றனர். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழமைப்படி நடந்த திருமணங்களை அது ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் நடப்பவை பதிவாக வேண்டும் என்றும், ஒருவருக்கு ஒரு துணையே என்றும் விதித்தது. கோவில்களிலேயே பதிவு செய்துகொள்ள வசதியாக உதவிப் பதிவாளர்களையும் நியமிக்க அது வழிவகுத்தது. ஆயினும் தாலி கட்டியாயிற்று, ஊர் சாப்பிட்டாயிற்று, இனி என்ன பதிவு என்று விட்டுவிட்டவர் பலர். சூராட்டு இல்லாமையாலும் சிவப்புக் கார்டினாலும் பதிவு செய்யவே இயலாதவரும் உண்டு. அவர்களைக் குற்றஞ்சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இத்தகைய இல்லத்தில் ஆண்மகன் இறந்தால், முப்பதாண்டு உடன் வாழ்ந்தவள் மனைவி அல்லள் என்று எதிர்த்தரப்பார் வாதிட இடமேற்படுகிறது. பகிர்வுச் சட்டத்தில் பிள்ளை என்றால் முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை. ஆகவே மக்களும் தந்தையின் பங்கை இழக்கின்றனர். அனாதைக் குழந்தையை எடுத்து வளர்ப்பது லயத்தில் நாள்தோறும் நடந்த அறம். அந்தப் பிள்ளைக்கும், 1952ஆம் ஆண்டுத் தத்துச் சட்டப்படி நீதிமன்றத்தின் ஆணை பெற்றிருந்தாலொழிய, வளர்த்தவர் சொத்தில் பாகமில்லை. ஊட்டி வளர்த்த கை உயிலில் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். அப்பிள்ளை தெருவில் நிற்க வேண்டியதில்லை.

“சொத்தே இல்லாதவருக்கு இவ்வளவு பேச்சு எதற்கு?” என்று மறுபடியும் கேட்பவருக்கு விடை, ஊழியர் சேமநிதி. 1951 அக்டோபரில் நிறுவப்பட்ட இந்நிதிக்கு 1952 முதல் தொழிலாளி நூற்றுக்கு ஐந்தும் முதலாளி ஐந்துமாகச் செலுத்தத் தொடங்கினர். நம் சமூகச் சரித்திரத்தில் இதைப் போன்ற திருப்பம் வேறொன்றுமில்லை என்பது நம் கருத்து. தகரப் பெட்டியும் பசுவும் மட்டும் வைத்திருந்தவருக்கு, கங்காணி தொட முடியாத, மளிகைக்கடைக்காரர் பிடித்துக்கொள்ள முடியாத ஒரு பணம் முதன்முதலாக அவர் பெயரில் சேர்ந்தது. மரம் சீவிய பெண்ணுக்கும் தனிக் கணக்கு. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், 1969, 1970இல் வேலைப் பெர்மிட் நெருக்கடியால் பலர் கப்பலேறி ஊர் திரும்பியபோதும், கையில் மிஞ்சியது பெரும்பாலும் இந்தப் பணமே. இதனோடு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு உபகாரச் சம்பளம் தர முன்வந்தது. அதுவும் கேட்பது திருமண அத்தாட்சியையும் பிள்ளையின் சூராட்டையும்தான்.

சேமநிதியில் உறுப்பினர் தமக்குப் பின் பணத்தைப் பெறுவோர் பெயரைக் குறித்து வைக்கலாம். குறித்தவர் பெயர் முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில் உயிலைக் காட்டிலும் வலியது. பணம் அவருக்கே சேரும். இதை அறியாமல் நம்மவர் படும் பாடு சொல்லுந்தரமன்று. பதினெட்டு வயதில் வேலையில் சேர்ந்தபோது தாயின் பெயரையோ தமையன் பெயரையோ எழுதுவர். இருபத்தைந்தில் மணம் முடிப்பர். ஐம்பதில் இறப்பர். நடுவே ஒருநாளும் அந்தப் படிவம் அவர்கள் நினைவுக்கு வராது. நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், தாய் இறந்து பன்னிரண்டாண்டுகள் ஆகியும் ஒருவர் கணக்கில் அவள் பெயரே இருந்தது. மற்றொருவர் கணக்கில் இருந்தது, சண்டையிட்டுக்கொண்டு முகம் பாராமல் பிரிந்துபோன தம்பியின் பெயர். தம்பி வந்தார், பணத்தைப் பெற்றார், நான்கு பிள்ளைகளோடு நின்ற அண்ணியார் பக்கம் திரும்பியும் பாராமல் போனார். சட்டப்படி அவர் செய்ததில் பிழை காண முடியவில்லை! பெயரே குறிக்காமல் இறந்துவிட்டாலோ, சிறு தொகைக்குமேல் பெற நிர்வாக உரிமைப் பத்திரம் வேண்டும். அப்போதுதான் அந்த மூன்று பெயர்கள், செக்ரோலிலும் கார்டிலும் சூராட்டிலுமாக, எதிரே வந்து நிற்கும். சத்தியக் கடிதம் எழுதக் கமிஷனரிடம் ஓடுவதும், பழைய கிராணியார் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பதும், சம்பள நாளை இழப்பதுமாக ஏழைப் பெண் அலைந்து, கடைசியில் போனால் போகிறது என்று விட்டுவிடுவாள். இப்படி உரியவர் கேளாத வங்கிப் பணமும் பிற பணமும், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் கடந்தபின் சர்க்காரின் உரிமை கோராப் பணக் கணக்குக்குப் போய்விடும். அங்கே போனாலும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம்; கேட்கத் தெரிய வேண்டும்.

நிலமும் வந்தது. தோட்டத் துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து உலகறியச் செய்த காலத்தில், அமைச்சர் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளி தவணை கட்டலாம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எந்த மண்ணில் வாழைக்கும் உரிமையில்லாமல் இருந்தோமோ, அந்த மண்ணுக்குத் தொழிலாளர் பங்குதாரர் ஆயினர். அந்நாளில் தவணை கட்டிய கைகள் இன்று மிகுதியும் மறைந்துவிட்டன. பங்குச் சீட்டு எங்கே என்று பேரப்பிள்ளையைக் கேட்டால், “தாத்தா பெட்டியில் ஏதோ காகிதம் இருந்தது, வீடு மாறும்போது போட்டுவிட்டோம்” என்பதே பதிலாக வருகிறது.

இவ்வளவும் அறிந்தபின்னும் உயில் என்றால் அஞ்சுகிறவர்களை என்னவென்பது? எழுதினால் எமன் வருவான் என்பர் சிலர். எழுதாத கோடானுகோடி மக்களை எமன் விட்டுவைத்தானா? பிள்ளைகள் நடுவே மனஸ்தாபம் வரும் என்பர் வேறு சிலர். எழுதாமையால் வந்த மனஸ்தாபங்களைத்தான் நாம் ஆபீஸ் வாசலில் காண்கிறோம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பவை சொற்பம். எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, நல்ல நினைவோடு இருக்க வேண்டும்; இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருக்கையில் கையொப்பமிட வேண்டும்; சாட்சிகளும் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும்; கைரேகையும் செல்லும். சாட்சியாக நின்றவருக்கோ அவர் துணைவருக்கோ அவ்வுயிலில் கொடுத்தது செல்லாது. ஆதலால் பாகம் பெறும் மகனையே சாட்சிக்கு நிறுத்துவது தவறு. உயில் எழுதியபின் மணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும். தாமே நிர்வகிக்க ஆளில்லாதவர், 1921இல் பொது அறங்காவலர் காரியாலயமாகத் தொடங்கி 1995இல் அமானா ராயா என்று மாறிய ஸ்தாபனத்தை அணுகலாம். உயிலில் புறக்கணிக்கப்பட்ட மனைவி மக்களும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். மகளுக்குக் கல்யாணத்தில் செய்தாயிற்று, இனி அவளுக்கேன் என்று பேசும் சீர்திருத்த வீரர்களையும் நாம் அறிவோம். அவர்கள் உயில் எழுதாமலே இறந்தால் மகளுக்கு நன்மை. சட்டம் அவர்களைவிடச் சீர்திருத்தவாதி.

இன்று தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வெட்டுபவர் பெரும்பாலும் வெளிநாட்டார். லாபு, நீலாய்ப் பக்கத்து நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர் மக்கள் லோபாக்கிலும் சிரம்பான் சுற்றிலும் அடுக்கு வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் வாழ்கின்றனர். சேமநிதியை எடுத்தும் கடன் பட்டும் வாங்கிய அந்த வீடு, மூன்று தலைமுறையில் முதன்முதலாக நம் குடும்பத்துக்கு வாய்த்த மண். அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றி நாம் அறிவோம். வாங்கியவர் இறந்து இருபதாண்டுகள் ஆகின்றன. உயில் இல்லை. நிலப்பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருக்குப் பின் மனைவியும், மூத்த மகன்கள் இருவரும் இறந்துவிட்டனர். ஆகவே அவர்கள் பாகங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் பிரிந்துவிட்டன. 1955ஆம் ஆண்டுச் சிறுசொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்தில் விசாரணைக்கு மனுக் கொடுத்திருக்கின்றனர். வாரிசுகள் இப்பொழுது பதினொருவர். ஒருவர் கோலாலம்பூரில் லாரி ஓட்டுகிறார். ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ஒருவருடைய சூராட்டில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பட்டப்பெயர் இருக்கிறது. எழுபதில் ஊர் திரும்பிய தாயோடு சென்ற மூத்த மகள் திருச்சி ஜில்லாவில் இருப்பதாகக் கேள்வி. கூரை ஒழுகும் அந்த வீட்டில் தங்கியிருக்கும் கடைசி மகள், ஓடு மாற்றக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். பட்டாவில் அவர் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டனர். அக்காளின் சம்மதக் கையொப்பத்துக்காகச் சென்ற மாதம் கடிதம் போயிருக்கிறது.